பால்கனியில் விசேஷம்

எங்கள் வீட்டுப் பின்பக்க பால்கனியில் குளவி கூடு கட்டியிருக்கும் செய்தி எனக்கு முன்னால் எதிர் ஃப்ளாட் மாமிக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, நின்றுகொண்டே ஸ்ரீரங்கம் வந்து, லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க நிற்கிறேன். மாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார்.

"என்ன, உங்காத்துல குளவி கூடு கட்டியிருக்காமே! இனிமே என்ன, விசேஷம்தான்."

விசேஷம் என்பதற்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாத ஒருத்தியைப் பார்த்துச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். நான் சாவியைத் தேடுகிற பாவனையில் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே யாரோ உண்டாகப் போகிறார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. செம்மண்ணில் கட்டினால் பெண், களிமண்ணில் கட்டினால் பிள்ளை என்று அதற்குள் உட்பிரிவு வேறு. நான் பதினொன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விலங்கியல் நடத்துகிறவள். அதனால் எனக்கு வந்த முதல் எரிச்சல் நம்பிக்கையைப் பற்றியது அல்ல, குளவியைப் பற்றியது. பால்கனியில் ஏ.சி. பெட்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் தொங்கியது மண்கூடே இல்லை. தாமரைக்காயைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி, சாம்பல் நிறத்தில், கீழ்ப்பக்கம் அறை அறையாகத் திறந்திருந்த கூடு.

"அம்மா, நீங்க சொல்றது மண்ணுல கட்டற குளவி. இது வேற ஜாதி. மரத்தைச் சுரண்டி, வாயால மென்னு, காகிதம் மாதிரி பண்ணிக் கட்டறது" என்றேன் மாமியாரிடம்.

"குளவிதானே?"

"குளவிதான். ஆனா..."

"அப்பறம் என்ன? கோயில் தாயாரே அனுப்பி வெச்சிருக்கா. நீ அதுக்கு ஜாதி பாத்துண்டிருக்கே."

எதிர் ஃப்ளாட் மாமி அன்று சாயங்காலமே கூட்டை வந்து ஸேவித்துவிட்டுப் போனார். ஸேவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். செம்மண்ணும் இல்லாமல் களிமண்ணும் இல்லாமல் சாம்பலாக இருக்கிறதே, இதற்கு என்ன கணக்கு என்று அவருக்கும் மாமியாருக்கும் பெரிய விவாதம் நடந்தது. "ரெண்டும் கலந்தாப்ல இருக்கு. ரெட்டையா இருக்குமோ என்னமோ" என்று மாமி தீர்ப்பு சொன்னார். நான் சமையலறையில் சாத்துமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த புளியைச் சக்கையாகும்வரை பிழிந்தேன்.

இதில் அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் கூடு வருவதற்கு முந்தைய ஆடி மாதமே நானும் என் கணவரும் வைத்தியத்தை நிறுத்திவிட்டோம். ஊசி போட்டுப் போட்டு என் வயிறு கன்றிப்போயிருந்தது. இடையில் ஒருமுறை தங்கியது. பிறகு அதுவும் இல்லை. போதும் என்று தோன்றிய நாளில் இரண்டு பேரும் முக்கொம்புக்குப் போனோம். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிறையப் பேசினோம், கொஞ்சம் அழுதோம், மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றோம், போதும் என்று முடிவுசெய்து திரும்பினோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் ஒருமனதாக எடுத்த முடிவுகள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

"அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார் கணவர், வண்டியைக் கிளப்பியபடி.

"எப்போ?"

"பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்பது அவருடைய தாரக மந்திரம். கேஸ் தீர்ந்தால் பாத்துக்கலாம், குழாய் ஒழுகினால் பாத்துக்கலாம். ஆடி போய் ஆவணி வந்தது, தீபாவளி வந்தது, வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் வந்து போனது, அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய அம்மா, அவர்தான் சொல்ல வேண்டும் என்று நானும் விடாப்பிடியாக இருந்தேன். மாமியாரோ வெள்ளிக்கிழமை தவறாமல் முட்டி வலியோடு தாயார் சன்னதிக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டு வந்தார். வந்ததும் பிரசாதமாகக் கிடைத்த மஞ்சள்காப்பை என் நெற்றியில் இட்டுவிடுவார். ஒன்றும் கேட்க மாட்டார். நேரடியாகக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லித் தொலைத்திருப்பேன். நெற்றியில் இடுகிற விரலிடம் என்ன சொல்வது?

குளவி வந்த பிறகு இது பத்து மடங்கானது. பின்பக்க பால்கனிக்குப் போகக் கூடாது என்று தடை. துணியெல்லாம் ஹாலில், ஃபேனுக்கு அடியில், நாற்காலி முதுகுகளில் காய்ந்தது, அதாவது காயாமல் நாறியது. வாஷிங் மெஷினைப் போட வேண்டுமென்றால் மட்டும் நான் பூனை மாதிரி போய் வரலாம். அப்படிப் போன ஒரு காலையில் ஒரு குளவி என் புறங்கையில் கொட்டியது. உயிர் போகிற வலி. மாமியார் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிக்கொண்டே, "போறது போ. கொட்டக் கொட்டத்தானே புழுவும் குளவியாறது" என்றார்.

"நான் என்ன புழுவாம்மா?"

"பேச்சுக்குச் சொன்னா உடனே சண்டைக்கு வருவே."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோபத்தோடு தினமும் எட்டிப் பார்த்ததில் எனக்கு அந்தக் கூடு பழகிவிட்டது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஒருத்திதான் முட்டையிடுவாள். மற்றவர்கள் வெளியே போய் எதையோ பிடித்து, மென்று உருட்டிக் கொண்டுவந்து, அறை அறையாகத் தலையை நுழைத்து அவளுடைய குழந்தைகளுக்கு ஊட்டுவார்கள். முட்டையிடாதவளைப் பார்த்து யாரும் விசேஷம் உண்டா என்று கேட்பதில்லை. வாஷிங் மெஷினில் சாய்ந்தபடி நான் அவர்கள்மீது பொறாமைப்பட்டது உண்டு.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் கூட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வாஷிங் மெஷின் மூடிமேல் கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாகப் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் சில அறைகளுக்கு நடுவே ஒட்டடை மாதிரி வெள்ளை நூல். குளவிக் குஞ்சு தன் அறையைவிட்டு நகராது. ஊட்டினால் வாங்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்புத் தலையோடு ஒரு மெல்லிய புழு ஓர் அறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து அடுத்த அறைக்குள் நுழைந்தது. சொந்த வீட்டில் அறை மாறுகிற சாவகாசம் அதற்கு.

என் தோளுக்குப் பின்னால் மாமியாரும் பார்த்துவிட்டார்.

"புழு வந்துடுத்து!" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் நெடுநாளாகக் கேட்கவில்லை. "பாத்தியா? குளவி புழுவைக் கொண்டு வெச்சிருக்கு. அதையே பாத்துண்டு இருந்து இருந்து புழுவும் குளவியாயிடும். ப்ரமர கீட ந்யாயம்னு உபன்யாசத்துல சொல்லுவாளே. நான் காதால கேட்டதை நீ கண்ணால பாக்கறே."

மறுநாள் ஓய்வு வகுப்பில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஃபோனில் தேடினேன். தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தாய் அந்து எப்படியோ குளவிகளின் கண்ணில் படாமல் வந்து கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரிந்து வருகிற புழு அறைக்குள் இருக்கும் குளவிக் குஞ்சைத் தின்னும். தின்று முடித்ததும் சுவரைத் துளைத்து அடுத்த குஞ்சு. போகிற வழியெல்லாம் நூல் நூற்றுத் தனக்குப் பாதை போட்டுக்கொள்ளும். கடைசியில் அதே அறையிலேயே கூட்டுப்புழுவாகி அந்தாகப் பறந்து போகும். பெரிய குளவிகள் கூட்டின்மேல் காவல் உட்கார்ந்திருக்க, உள்ளே இத்தனையும் நடக்கும். ஒட்டுண்ணி என்றால் என்ன என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். நாடாப்புழு, பேன், உண்ணி என்று உதாரணம் சொல்லிப் பழகிய வாய். குளவியின் வீட்டுக்கே புழு குடிவரும் என்பது எனக்குத் தெரியாது.

அன்று கணவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. தானாவே உதிர்ந்துபோயிடும். உன் பிரச்னை தீந்துது" என்றார்.

"என் பிரச்னை கூடுன்னா நெனச்சுண்டிருக்கீங்க?"

"வேற என்ன?"

"அம்மாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"இப்போ இந்தக் குளவி சமாச்சாரம் முடியட்டும். பாத்துக்கலாம்."

செய்தித்தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாம் போல் இருந்தது. கிழிக்கவில்லை. அதற்குப் பதிலாக, எனக்கே காரணம் தெரியாத ஒரு காரியத்தைச் செய்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து நீளமான இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வெயில் ஏறுமுன் குளவிகள் மந்தமாக இருக்கும்போது ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் புழுக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க முயன்றேன். இந்தக் கூடு ஒழிய வேண்டும் என்று பொருமியவள் நான்தான். ஆனாலும் அந்தப் புழு அறை மாறுவதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நுனியில் பிடித்தால் நூலுக்குள் சுருண்டு பின்வாங்கியது. இழுத்தால் அறைச் சுவர் கிழிந்ததே தவிரப் புழு வரவில்லை. ஒன்று வந்தது, பாதியாக.

"என்னடி பண்றே? கலைக்காதே! கலைக்காதேடி!"

மாமியார் பால்கனி வாசலில் நின்றார். காலை ஸ்நானம் முடிந்து ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தது. நான் ஸ்டூலின்மேல், கையில் இடுக்கியோடு.

கலைப்பது என்பது கூட்டைக் கலைப்பதும்தான், மற்றதும்தான். எனக்கு அந்த ஒருமுறை நேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'நிக்கலை' என்பார்கள், 'தங்கலை' என்பார்கள். சீட்டுக்கட்டைக்கூடக் குலுக்கச் சொல்வாரே தவிர, கலைக்கச் சொல்ல மாட்டார் மாமியார். அத்தனை கவனமாகக் காத்த சொல் அவர் வாயிலிருந்தே இரண்டு தடவை விழுந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உதட்டைப் புறங்கையால் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கலைக்கவில்லை, காப்பாற்றத்தான் பார்த்தேன் என்று பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எதிலிருந்து என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் வைத்தியத்தை நிறுத்தியதையும் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்ல வேண்டியவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டூலை உதைத்துவிட்டேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

அதன் பிறகு சில நாட்கள் மாமியார் என்னோடு அளந்து பேசினார். சாதம் வைக்கட்டுமா, பால்காரன் வந்தானா, அவ்வளவுதான். கூட்டை மட்டும் முன்பைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டார். நாற்காலியைப் பால்கனி வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார். புழு குளவியாக வேண்டும். அதை அவர் பார்த்தாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, மாமியார் பால்கனி வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "சித்த இங்க வா. சீக்கிரம் வா."

கூட்டின் ஓரத்து அறையிலிருந்து ஒன்று வெளியே வந்து, கசங்கிய இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். மங்கிய குங்கும நிறம். இறக்கை ஓரம் மட்டும் மஞ்சள். அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போனது.

"மஞ்சளும் குங்குமமுமா இருக்கு" என்றார் மாமியார் மெதுவாக. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் உற்றுப் பார்த்தார். "ஆனா இது குளவி இல்லையே."

"இல்லைம்மா. அந்து."

"குளவிக் குஞ்செல்லாம் எங்க?"

என் கணவராக இருந்தால் பாத்துக்கலாம் என்றிருப்பார். எனக்கு அந்த நிமிஷம் சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை. "இது புழுவா இருக்கறச்சே எல்லாத்தையும் தின்னுடுத்தும்மா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கூட்டில் மிஞ்சியிருந்த குளவிகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று எங்கிருந்தோ இரை உருண்டையோடு வந்து இறங்கியது. ஓர் அறைக்குள் தலையை விட்டது, எடுத்தது, அடுத்த அறைக்குள் விட்டது. வாங்கிக்கொள்ள எந்த அறையிலும் யாரும் இல்லை. உருண்டையை வாயில் வைத்துக்கொண்டே கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியலை போலிருக்கு."

"இத்தனை நாளா உள்ள ஒண்ணுமே இல்லாமயா இது ஓடி ஓடிக் கொண்டு வந்து குடுத்துண்டிருந்தது?" அவர் நாற்காலியில் முன்னால் குனிந்தார். "பாவம். அதுகிட்ட யாராவது சொல்லப்படாதோ?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவருடைய பிள்ளை சொல்லட்டும் என்று கட்டிக்காத்த என் பிடிவாதம் எங்கே போனதென்று தெரியவில்லை. தரையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நாங்க டாக்டர்ட்ட போறதை நிறுத்திட்டோம். ஆடியிலேயே நிறுத்தியாச்சு. இனிமே போறதா இல்லை" என்றேன்.

குளவி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "அப்பாடா" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அப்பாடா" என்றார் மறுபடி. "உனக்காகத்தாண்டி நான் வேண்டிண்டதே. நீ ஏங்கிப் போயிடுவியேன்னு. எனக்கென்ன, முட்டி வலியில வாராவாரம் அத்தனை தூரம் நடக்கணும்னு தலையெழுத்தா? நிறுத்தியாச்சுன்னா நிம்மதி. எனக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு."

எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். நான் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க, அவர் எனக்காக நடந்திருக்கிறார். இடையில் ஒருவர் இரண்டு பேருக்காகவும் பாத்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த வீட்டில் ஒருத்தருக்காவது வாய் என்று ஒன்று இருந்திருந்தால் எத்தனை வெள்ளிக்கிழமை மிச்சமாகியிருக்கும்! அதை அவரிடமே சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, தளிகைக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டார். சாப்பிட வந்த கணவரிடம், "எல்லாம் சொல்லியாச்சு" என்றேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மோர் கேட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து நான் வந்தபோது மாமியார் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடவில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்குப் புடவை மாற்றி, தலைவாரி, எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பியிருப்பார். கை கால் கழுவிவிட்டு நான் வருவதற்குள் இரண்டு முறை மணி என்ன என்று கேட்டார். முட்டிக்கு ஓய்வு கிடைத்ததில் எனக்கு ஏனோ சந்தோஷமே வரவில்லை. நான் திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"வாங்கோம்மா. ஆட்டோல போலாம். சும்மா ஸேவிச்சுட்டு வந்துடலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"போய் என்னத்தைடி வேண்டிக்கறது?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.